உன் ஒற்றைச் சுரம்

பாம்பன்,
18 மே 2025

அன்பு மாப்ள சூசை,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நாலையும் கேட்டேன். பதிலைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் உனக்குக் கொஞ்சம் சுரம் எழுதிக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவாய், உன்னைத் தெரியாதா.

ஊர்ச் சேதியை முடித்துவிடுகிறேன். இது தடைக்காலம். ஏப்ரல் 15-ல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரைக்கும் அசையாது. ஐஸ் கம்பெனியில் நாட்டுப்படகுக்காரர்களுக்குப் போகிற கொஞ்ச நஞ்சம் தவிர எழுதக் கணக்கே இல்லை. உன் அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை தைக்கிறார், யாரைப் பார்த்தாலும் திட்டுகிறார், நலமாக இருக்கிறார். புதுப் பாலத்தை ஏப்ரல் 6-ல் திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் வராமல் கிடந்த ரயில் மறுபடி நம் வீட்டு ஜன்னலை ஆட்டுகிறது. பழைய பாலம் இரண்டு கையையும் விரித்துக் கும்பிடுகிற மாதிரி திறக்குமே, அது இனி இல்லை. புதுசில் நடுத் துண்டு முழுசாக, மட்டம் மாறாமல் மேலே போகிறது. எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்குப் பழசுதான் பிடிக்கும்.

இப்போது என் கதை. சனிக்கிழமைதோறும் மதுரைக்குப் போய் ஒரு கல்லூரியில் இசைக் கோட்பாடு படிக்கிறேன் என்று சொன்னதற்கு நீ சிரித்த சிரிப்பு பஹ்ரைனிலிருந்து இங்கே வரைக்கும் கேட்டது. முதல் நிலை முடிந்து, இரண்டாம் நிலை ஹார்மனி, அதாவது பல குரலைச் சேர்த்து எழுதுகிற பாடம், நடக்கிறது. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. என்னை ‘அங்கிள்’ என்கிறார்கள். ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருபத்தைந்து வருசம் கோயிலில் கீபோர்டு வாசித்தவன் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். முதல் வீட்டுப்பாடம் திரும்பி வந்தபோது எட்டே வரிக்குள் பதினொரு சிவப்புச் சுழி.

பதினொன்றும் ஒரே தப்பு. இடது கையில் ச-ப, அடுத்து ம-ச, அடுத்து ப-ரி என்று ஐந்தாம் சுரத்தைப் பிடித்தபடியே ஏறி இறங்கியிருக்கிறேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தானே வாசித்தேன்! சாமியாரும் பாராட்டினார், ஊரும் பாராட்டியது. இதற்கு இணை ஐந்து என்று பெயராம், செய்யவே கூடாதாம்.

ஏன் கூடாது என்று கேட்டேன். அந்த அம்மா விதியைச் சொல்லாமல், இரண்டு பையன்களை எழுப்பி அப்படியே பாடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டு தொண்டை, ஆனால் கேட்டது ஒரே ஆள் மாதிரி. ச-வும் ப-வும் அவ்வளவு ஒட்டிப்போகிற ஜோடி, சேர்ந்தே நகர்ந்தால் இரண்டாவது குரல் முதலாவதற்குள் கரைந்துவிடுகிறது. நாலு குரலுக்கு எழுதிவிட்டு மூன்றைத்தான் கேட்க வைக்கிறோம். கரைவலை இழுக்க நாலு பேரைக் கூப்பிட்டு, ஒருத்தன் கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு வந்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்ன சொல்வார்? அதைத்தான் அந்தச் சிவப்புச் சுழி சொல்கிறது.

அதற்காக இது பத்துக் கட்டளையில் ஒன்று என்று நினைத்துவிடாதே. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் மடங்களில் பாட்டுக்கு அடியில் இப்படி இணையாகவே இன்னொரு குரல் வைத்துப் பாடியிருக்கிறார்கள். கிடார்க்காரர்கள் இன்றைக்கும் அதில்தான் பிழைக்கிறார்கள். நாலு குரலும் நாலு ஆளாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு காலத்துக்கும் ஒரு பாணிக்கும் உண்டான விதி இது. எனக்கும் இப்போது அந்த ஆசை வந்துவிட்டது, அதனால் கட்டுப்படுகிறேன்.

பாடத்துக்கு ஜெர்மன் இசைமேதை பாஹ் எழுதிய நாலு குரல் கோரல்கள், அதாவது கோயில் பாட்டுகள். அவர் 1750-ல் இறந்த பிறகு மகன் தொகுத்துப் போட்டதில் மட்டும் 371 இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பெரும்பாலான மெட்டுகள் அவர் போட்டவையே இல்லை. கோயிலில் சனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவை. மேலே மெட்டை விட்டுவிட்டு, கீழே மூன்று பேருக்கு வேலை கொடுத்திருக்கிறார். நடுவில் இருக்கிற இரண்டு குரலைத் தனியாகப் பாடிப் பார் என்றார் ஆசிரியை. பாடினால் அதுவே ஒரு பாட்டு மாதிரி இருக்கிறது, மாப்ள. மூன்று வாரமாக நான் எதைக் கேட்டாலும் காது நடுவிலேயே போய் உட்காருகிறது.

உனக்குச் சுரம் தெரியும் என்பதால் ஒரு விசயம். சங்கராபரணத்தில் நி, ச-வுக்கு ஏறத் துடிக்கும். ம, க-வுக்கு இறங்கத் துடிக்கும். இந்த இரண்டையும் ஒரே கார்டுக்குள், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டுக்குள், பூட்டி வைத்தால் அது வீட்டுக்குப் போகாமல் நிற்காது. மேற்கத்தியக்காரர்கள் சாமர்த்தியமெல்லாம் இந்த இழுப்பில்தான். அவர்கள் மைனர் என்கிற நடபைரவியில் பார், நி கைசிகி, அதாவது தாழ்ந்த நி, ச-விலிருந்து ஒரு முழுச் சுரம் தள்ளி நிற்கிறது, இழுப்பே இல்லை. என்ன செய்தார்கள்? நி-யை அரைச் சுரம் உயர்த்திக்கொண்டார்கள். வந்தது நம் கீரவாணி. மேளகர்த்தா என்கிற தாய் ராக வரிசையில் நடபைரவி 20, அடுத்த வீடு 21. நமக்கு அது இன்னொரு ராகம், அவர்களுக்கு அதே மைனரின் இன்னொரு சட்டை. இதைக் கேட்ட அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் வாய்க்குள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் பரமக்குடியில் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

உன் மகள் மோகன வர்ணம் ஆரம்பித்திருக்கிறாள் என்று சொன்னாயே. அதைச் செய்த பூச்சி சீனிவாசய்யங்கார் நம் ராமநாதபுரத்துக்காரர் என்று அவளிடம் சொல். இன்னொன்றும் சொல். மோகனத்தில் இல்லாத இரண்டு சுரம் எவை? அதே ம-வும் நி-யும். துடிக்கிற இரண்டும் இல்லாததால்தான் அது எங்கே நிறுத்தினாலும் உறுத்தாமல் நிற்கிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ஒரு பையன், “அங்கிள், அது எல்லாருக்கும் தெரியும்” என்றான்.

எல்லாவற்றுக்கும் கார்ட் வைக்கிற பைத்தியமும் கொஞ்ச நாள் பிடித்தது. தவக்காலத்தில் நம் கிழவிகள் பாடுகிற புலம்பலுக்கு வைத்துப் பார்த்தேன். செத்துவிட்டது. அவர்களுடைய காந்தாரம், அதாவது க, ஓர் இடத்தில் நிற்பதில்லை, அலையில் கிடக்கிற வள்ளம் மாதிரி ஆடுகிறது. கார்ட் அதை ஆணி அடித்து நிறுத்தப் பார்க்கிறது. உன் பெரியம்மா பாதியில் நிறுத்திவிட்டு, “அந்தப் பொட்டிய மூடுறா” என்றார். மூடினேன். ச-ப மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் அதற்கு. அவர்களைக் கேட்டால் அதுகூட வேண்டாம் என்பார்கள்.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். நமக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நம் கோயில் பாட்டுக் குழு மாஸ்டர் உனக்கு டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், எழுதிக் கொடுத்தார். ப ப ப ப என்று ஒரே சுரம். “எல்லாருக்கும் பாட்டு, எனக்கு மட்டும் சங்கா?” என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு மாதம் குழுவுக்கே வரவில்லை நீ. நானும் உன் பக்கம்தான் பேசினேன். மாஸ்டர் பதில் சொல்லவேயில்லை, தாளை ஒட்டி மடித்து வைத்துக்கொண்டார்.

ச கார்டில் இருப்பது ச க ப. ப கார்டில் இருப்பது ப நி ரி. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ப ஒன்றுதான். கார்ட் மாறும்போது பொதுச் சுரம் யாரிடம் இருக்கிறதோ அவன் நகரக்கூடாது, மற்றவர்கள் அவனைச் சுற்றி நகர வேண்டும். இது இரண்டாம் நிலைப் புத்தகத்தில் முதல் பாடம். அதைப் படித்த ராத்திரி மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவருடைய மகளிடம் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தாள் இருந்தது, பசை காய்ந்து மஞ்சளாகி. நாலு குரலையும் கீபோர்டில் வாசித்துவிட்டு, உன் வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி வாசித்தேன். பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, மாப்ள. ஆனால் நீயும் நானும் சரியாகப் பார்க்கவில்லை. அது முழுக்க ஒரே சுரம் இல்லை. ஒவ்வோர் அடியிலும் நாலாவதாக ஒரு த இருக்கிறது. கிழிக்கிற அவசரத்தில் நீ அதுவரை போகவேயில்லை.

ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்கு அந்த மெட்டையே எடுத்து வைத்திருக்கிறேன். பெண்களின் கீழ்க் குரலான ஆல்ட்டோவைக் கொஞ்சம் மாற்றினேன், உன் வரியைத் தொடவில்லை:

ப – ப – ப – த – ப – ப

அந்த த-வில் ம கார்ட் (ம த ச) வரும். அடுத்து ப கார்ட். இந்த இரண்டுக்கும் பொதுச் சுரமே கிடையாது, இணை ஐந்து நுழைகிற இடமே இதுதான். அடிக் குரலான பேஸ் ம-விலிருந்து ப-வுக்கு ஏறும்போது மற்ற மூன்று பேரும் எதிர்த்திசையில் இறங்க வேண்டும். நீ த-விலிருந்து ப, ஆல்ட்டோ ச-விலிருந்து நி, மேலே பெண்கள் ம-விலிருந்து ரி. பழைய பாலம் திறக்கிற மாதிரி வைத்துக்கொள். கடைசி கார்டில் நி ச-வுக்கு ஏறும், ரி க-வுக்கு ஏறும், நீ நின்ற இடத்திலேயே நில்.

லீவு கிடைக்குமா என்று ஜூன் முடிவதற்குள் சொல். கிடைக்கவில்லை என்றால் டெனரை உன் அண்ணனிடம் கொடுக்க வேண்டியிருக்கும், அவர் த-வை எங்கே கொண்டுபோய் விடுவார் என்று உனக்கே தெரியும். மூச்சை மூன்றாவது ப-வுக்கு முன்னால் எடு. த-வுக்கு முன்னால் எடுத்தால் வெட்டுகிறது, பாடிப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
ராயப்பன்