தோட்டத்துப் பேய்ப்படம் எங்கே கோட்டை விட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கித்தா (ரப்பர்) தோட்டத்தில் ஒரு மரணக் கூட்டம் நரபலி கொடுப்பதாகக் கதை கட்டி வந்திருக்கும் நம் மலேசியத் தமிழ்ப் பேய்ப்படத்தைப் பற்றிச் சுங்கை சிப்புட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை. "கம்மி பட்ஜெட்டு, சிரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே" என்று அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களே அதிகம். கோயில் திருவிழா மேடைகளுக்கு ஒப்பனை, விளக்கு, ஒலி வேலை பார்க்கிற எங்களால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. படத்தில் உழைத்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள், அடுத்த படமும் எடுக்க வேண்டியவர்கள். அதனால் பெயரை எழுதவில்லை. குறைகளை மட்டும் விவரமாகச் சொல்கிறோம்.

மிகை நடிப்பையும் அட்டைத் தலையையும் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்த நமக்கு மிகை அந்நியமே இல்லை. இயக்குநர் விட்டலாச்சாரியாவின் 1978-ஆம் ஆண்டு 'ஜெகன்மோகினி'யில் பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும். அதற்கு அது தினப்படி அடுப்பு வேலை. 'பார்த்தாயா என் வேடிக்கையை' என்று நம் பக்கம் திரும்புவதே இல்லை. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தப் படத்திலோ பூசாரியாக வருகிறவர் தன் வசனத்துக்குத் தானே சிரிப்பை அடக்குகிறார். கட்டிப் போட்ட பெண்ணின் கழுத்துக்குக் கத்தி வரும்போதே பின்னணி இசை கேலி பண்ண ஆரம்பித்துவிடுகிறது. பாத்திரம் பயப்படாதபோது பார்க்கிறவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

இதைவிடப் பெரிய ஓட்டை கதையில் இருக்கிறது. முதல் காட்சியிலேயே கறுப்பு அங்கிக்காரர்கள் மரத்தடியில் வட்டமாக நிற்கிறார்கள். இவர்கள் யார், எந்த லயத்துக்காரர்கள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), எதற்காகச் சேர்ந்தார்கள் என்று கடைசி வரை ஒரு வார்த்தை இல்லை. நிஜத்தில் இப்படிப்பட்ட கூட்டங்கள் உருவான விதத்தைப் பார்த்தால் எந்தப் பேயும் வேண்டாம், அதுவே குலை நடுங்க வைக்கும். 1978 நவம்பர் 18-ஆம் தேதி கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் மட்டும் 909 பேர் செத்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். அந்தக் கூட்டத்தின் தலைவர் ஜிம் ஜோன்ஸ் அமெரிக்காவில் ஆரம்பத்தில் நடத்தியது ஏழைகளுக்குச் சோறு போட்ட, கறுப்பர் வெள்ளையர் சேர்ந்து உட்கார்ந்த ஒரு சபை. பிறகு ஆட்களின் ஓய்வூதியப் பணம் சபைக்குப் போனது. கயானா போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் ஓயாமல் கேட்டது. சாவதற்கு ஒத்திகை கூட நடந்தது. 1995-இல் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்தில் டாக்டரும் இருந்தார், விஞ்ஞானிகளும் இருந்தார்கள்.

இதை நம் மண்ணுக்குக் கொண்டுவர இயக்குநர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தோட்டம் கைமாறுகிறது, லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வருகிறது, மாற்று வீட்டுக்கு வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருகிறார். கோயில் கூரையைப் பழுது பார்க்கிறார், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். "நிலம் வாங்கிட்டேன், எல்லாருக்கும் வீடு, பாரத்துல பேர் எழுத ஐ.சி.யைக் குடுத்து வைங்க" என்று அடையாள அட்டையைக் கேட்கிறார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நின்று ஐ.சி.யை நீட்டும் ஒரு காட்சி போதும், படம் பார்க்கிறவனுக்கு முதுகு சில்லிடும். 1973-இல் வந்த 'தி விக்கர் மேன்' படத்தில் ஒரு ஸ்காட்லாந்துத் தீவே சேர்ந்து பலிக்கு ஆள் தேடுகிறது. காரணம், ஆப்பிள் விளைச்சல் பொய்த்துவிட்டது. பெரும்பாலும் பட்டப்பகலில், ஊரார் சிரித்த முகத்தோடு பாடிக்கொண்டே அதைச் செய்கிறார்கள். கூட்டத்துக்கு அப்படியொரு காரணத்தை எழுதக் காசு செலவாகாது.

அடுத்து, தோட்டம். மரத்தில் எக்ஸ் மாதிரி இரண்டு வெட்டு போட்டு, அடியில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு நிரம்பி வழிவதை முகத்துக்கு நேரே காட்டுகிறார்கள். பால் மரத்தில் வெட்டு என்பது இடது மேலிருந்து வலது கீழாக, பாதி மரச் சுற்றுக்கு, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் போகும். அந்தச் சரிவில் ஓடி வரும் பால் தகர மூக்கு வழியாக மங்கில் சொட்டும். எக்ஸ் வெட்டில் பால் நாலு பக்கமும் பட்டையில் வழியுமே தவிர மங்குக்கு வராது. கத்தி கட்டை வரைக்கும் இறங்கினால் மரம் புண்ணாகிப் பட்டை முண்டு முண்டாகிவிடும். அந்தக் காட்சி நடப்பதோ நட்ட நடு வெயிலில். விடிவதற்கு முன் சீவுவதே, மரத்தில் நீர்ச்சத்து நிறைந்து பால் நன்றாக ஓடும் நேரம் அது என்பதால்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். சம்பளத்துக்கு மரம் சீவிய அம்மா ஒருவரைப் படப்பிடிப்பில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்.

ராத்திரிக் காட்சி முழுக்க ஓநாய் ஊளையிடுகிறது. மலேசியக் காட்டில் ஏது ஓநாய்? இணையத்தில் கிடைத்த ஒலிக்கோப்பை அப்படியே போட்டிருக்கிறார்கள். தோட்டமே திகிலுக்கு வேண்டிய சத்தத்தை இலவசமாகத் தருகிறது. முற்றிய கித்தாக் காய் வெயிலில் காய்ந்து பட்டென்று வெடிக்கும், கொட்டை பல மீட்டர் தள்ளிச் சருகில் போய் விழும். ஆளில்லாத மர நிரையில் பகல் நேரத்தில் அந்தச் சத்தம் வந்தால் பழகியவர்களே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள். ஒலி வாங்கியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சருகுக்குப் பக்கத்தில் வைத்து, காற்றுக்கு நுரையுறை மாட்டி, யாரும் பேசாமல் பத்து நிமிடம் பதிவு பண்ணினால் போதும். பிறகு அலறலுக்கு முன்னால் இரண்டு வினாடி எல்லாச் சத்தத்தையும் நிறுத்த வேண்டும். படத்தில் அமைதி என்பதே இல்லாததால் எந்த அலறலும் எடுபடவில்லை.

ரத்தம் சிராப்பு (ரோஸ் நிறச் சர்பத்) தண்ணீர் மாதிரி இருக்கிறது. வெறும் சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கலந்தால் வெள்ளைத் துணியில் ஊறி ரோஸ் நிறமாகத்தான் பரவும். ஒரு கப் கெட்டியான சீனிப்பாகு, ஒரு மேசைக்கரண்டி சிவப்பு உணவுச் சாயம், அரைத் தேக்கரண்டி கோக்கோ தூள், இரண்டு மூன்று துளி நீலச் சாயம். கோக்கோவை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். கோக்கோதான் ஊடுருவித் தெரிவதைக் குறைக்கிறது, நீலம் ஆரஞ்சுச் சாயலை அடக்குகிறது. இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் இரண்டு தேக்கரண்டி சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிச் சேர்க்கலாம். காய்ந்த ரத்தத்துக்குக் கோக்கோவைக் கூட்ட வேண்டும். தோட்டத்தில் இது எறும்பை இழுக்கும், அதனால் பூசிய நடிகரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு விளக்கு சரி பண்ணப் போகக்கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் தூரக் காட்சியில் தரையில் ஊற்ற நன்றாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும், முகத்துக்கு அது ஆகாது. எதைப் பூசினாலும் படம் எடுக்கப்போகிற அதே விளக்கின் கீழ், கேமராவின் நிறச் சமநிலையைத் தானாக மாறாமல் பூட்டி வைத்துச் சோதித்துப் பார்ப்பது முக்கியம். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிவப்பைச் சரியாகக் காட்டுவதில்லை.

புகைக்கும் இதே கதி. விளக்கைக் கேமரா பக்கத்திலிருந்து அடித்ததால் புகை வெள்ளைச் சுவராகி மரத்தையே மறைத்துவிட்டது. விளக்கு புகைக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். கித்தா மரம் நிரை பிடித்து நிற்பதால் கடைசி நிரைக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கை வைத்தாலே ஒவ்வொரு மரத்தின் நிழலும் நம்மை நோக்கி நீளும். காற்று அடங்கிய விடியற்காலைக் குளிரில் புகை தரையோடு தவழும், பகலில் நிற்காது. அங்கிகளில் பொட்டலத்தில் மடித்த கோடு அப்படியே தெரிகிறது. ஒரு தரம் நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டிருக்கலாம்.

எங்களுக்கு உண்மையாகவே மனம் நொந்தது வேறொரு இடத்தில். கும்பல் தலைவனுக்கு முறுக்கு மீசையும் அரிவாளும் சுருட்டும் கொடுத்து, தோட்ட எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயில் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். முனியாண்டி காவல் தெய்வம். லயத்து ஆட்கள் இருட்டோடு வேலைக்குக் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டுப் போன சாமி. அவரைக் கொலைகாரக் கும்பலின் அடையாளமாக்கி, அதற்கு மலாய் மொழியில் துணையுரையும் போட்டால், நம் வழிபாடு தெரியாத அண்டை வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? உருமி மேளத்தைக் கூட விட்டு வைக்கவில்லை. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த உறுமல் வரும், மறு முகத்தைத்தான் அடிப்பார்கள். படத்தில் இரண்டு பக்கமும் நேர்க்குச்சியால் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், சத்தம் மட்டும் உறுமுகிறது. நம் உருமி மேளப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாக வந்து வாசித்திருப்பார்கள்.

படம் அடுத்து இணையத் தளத்துக்குப் போகப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் தயாரிப்பாளர் செய்யக்கூடியவை மூன்று. முனியாண்டி கோயில் வரும் காட்சியை எடுத்துவிடலாம், கதைக்கு ஒரு சேதமும் வராது. ஓநாய்ச் சத்தத்தை அழித்துவிட்டுத் தோட்டத்து ஒலியைப் போடலாம். ரத்தம் வரும் காட்சிகளில் சிவப்பை மட்டும் தனியாகப் பிரித்து ஒளியைக் குறைத்தால் ரோஸ் நிறம் பாதியாவது அடங்கும். ஒலிப்பதிவுக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் நாங்களே கூட வருகிறோம், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
திருவிழா மேடைக் கலைஞர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.