மேல்தட்டுக் காட்டை இப்ப வெட்டாண்டாம் மக்கா

மக்கா,

சுகந்தானே? வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு. இஞ்ச எல்லாருக்கும் சுகம், அம்மைக்கு முட்டுவலி பழையபடி, இடவப்பாதி மழை நல்லா பிடிச்சுகிட்டு, ரப்பர் ஷீட் காயவே மாட்டேங்குது. எழுதணும் எழுதணும்னு நெனச்சு நெனச்சு, வாட்ஸப்புல பூவும் குட்மார்னிங்கும் அனுப்பியே நம்ம காலம் போவுது. இப்ப அவசரமா ஒரு காரியம் வந்துட்டு, வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா நீ பாதியிலயே தள்ளிவிட்டுருவ, உன்னைய எனக்குத் தெரியாதா, அதான் உக்காந்து எழுதுறேன். முழுசா வாசி லே.

உங்க சித்தப்பா சாயாக்கடையில வச்சு சொன்னாரு, மேல்தட்டுல ரப்பருக்கு கீழ கெடக்குற காட்டை மொத்தமும் மெஷின் வச்சு அடிச்சு வெளுப்பாக்க சொல்லி நீ மஸ்கட்ல இருந்து போன் பண்ணுனியாமே, வாற ஞாயித்துக்கெழமை ஆள் வருதாம். அதை இப்ப செய்யாண்டாம் மக்கா. அங்க ஒரு மிளா, அதான் கடமான், குட்டி போட்டிருக்கு.

மொதல்ல கண்டது ரப்பர் பால் வெட்டுற அக்கா. விடியறதுக்கு முன்ன ஹெட்லைட்டோட போயிருக்காவ, எதுக்க ரெண்டு கண்ணு மின்னிகிட்டு, ஓடாம நின்னு காலைத் தூக்கி தரையில டம் டம்னு அடிச்சிருக்கு. அவிய பயந்து திரும்பி வந்துட்டாவ. பொறவு வெளிச்சம் வந்ததும் உண்ணிச்செடியும் பெரணியும் அடர்ந்து கெடக்குற அந்த கல்லுக்கெட்டு ஓரத்துல குட்டி படுத்துக் கெடக்குறதைப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுனாவ. நான் போயி தூரத்துல நின்னு பாத்தேன். காஞ்ச சருகு நிறம், கழுத்தை நீட்டி தரையோட தரையா ஒட்டிகிட்டு, காதை மடக்கி, ஒரு அசைவு கெடையாது. உடனே திரும்பிட்டேன். தோட்டத் தொழிலாளர் லைன்ல உள்ள பயலுவ அதுக்குள்ள தூக்கிட்டு வரக் கெளம்பிட்டானுவ, "தாய்த் தள்ளை போட்டுட்டு ஓடிட்டு அண்ணே, பாவம், பால் குடுத்து வளப்போம்"னு. நல்ல மனசுதான் பயலுவளுக்கு. தொடாதீங்க மக்களே, தள்ளை எங்கயும் போவல, பக்கத்துல எங்கயோ நின்னு நம்மளத்தான் பாத்துகிட்டு இருக்கும்னு சொல்லி திருப்பி அனுப்புனேன். பீட்ல வாற ஃபாரஸ்ட் கார்டு அண்ணனும் அதையேதான் சொன்னாரு, அது காயம்பட்டு கெடந்தாலோ தள்ளை செத்துக் கெடந்தாலோ மட்டும் என்னைக் கூப்பிடுங்கன்னு.

அன்னையிலேருந்து இதே நெனப்புதான் எனக்கு. மழையில வேற வேலையும் இல்ல, மானைப் பத்தி கெடைச்சதையெல்லாம் வாசிச்சுட்டே இருக்கேன். வாசிக்க வாசிக்க அந்த தள்ளை மேல மரியாதை கூடிட்டே போவுது மக்கா.

நாம தள்ளையும் குட்டியும் எப்பவும் சேந்து நிக்கும்னு நெனைக்கோம். மாட்டையும் ஆட்டையும் பாத்த பழக்கம். மான்ல அநேகமும் அப்படி கெடையாது, மொத சில வாரம் குட்டி ஒரு எடத்துல படுத்துக் கெடக்கும், தள்ளை தூரத்துல மேயும், ஒரு நாளைக்கு சில தடவை மட்டும் வந்து பால் குடுத்துட்டு போயிரும். ஏன்னு கேளு. நூறு கிலோவுக்கு மேல உள்ள உருப்படி, ஒளிய முடியாது, அதுக்க வாசனையே எதிரியைக் கூட்டிட்டு வந்துரும், பக்கத்துல நின்னாலே குட்டியைக் காட்டிக் குடுத்த மாதிரி. அதனால விலகி நிக்கிறதுதான் அதுக்க காவல். பெத்த உடனே நஞ்சுக்கொடியைத் தின்னுரும், குட்டியை நக்கி நக்கி சுத்தமாக்கும், நக்குனாத்தான் குட்டிக்கு மூத்திரமும் பீயும் போவும், அதையும் அங்கயே நக்கித் தின்னுரும், மணம் தங்கக் கூடாதுல்லா. இன்னொண்ணு வாசிச்சதும் எனக்கு மெய்சிலிர்த்துட்டு. படுக்குற சரியான எடத்தை குட்டிதான் தேர்ந்தெடுக்குமாம், தள்ளை அந்த பக்கத்துக்குக் கூட்டிட்டு வந்து விடும், குட்டி தானா போயி ஒரு பொந்தோ புதரோ பாத்துப் படுத்துக்கும். திரும்பி வந்து தள்ளை மெதுவா குரல் குடுத்தா குட்டி எந்திச்சு வரும்.

பயந்தா குட்டி ஓடாது கேட்டியா, அப்படியே உறைஞ்சிரும். அமெரிக்காவுல வெண்வால் மான் குட்டியில அளந்து பாத்திருக்காவ, ஆபத்தான சத்தம் கேட்டா இதயத் துடிப்பு கூடுறதுக்குப் பதிலா சடார்னு கீழ எறங்கிருமாம். நீ அன்னைக்கு கேழை மான் கத்துன சத்தத்துக்கு பேச்சிப்பாறை ரோடு வரைக்கும் ஓடுனியே, உனக்கு எவ்வளவு துடிச்சிருக்கும்னு நெனச்சுப் பாரு, இது பெறந்து ரெண்டு மூணு நாள் ஆன உயிரு.

இப்ப தள்ளைக்க பாட்டைக் கேளு. வயித்துல சுமக்குற காலத்தை விட பால் குடுக்குற காலந்தான் அதுக்கு பெரும் செலவு, சாதாரணமா திங்கிறதை விட ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல வேணும், பெத்து மூணு நாலு வாரத்துல அது உச்சத்துக்குப் போவும். ஐரோப்பாவுல உள்ள செம்மான் பால்ல பசும்பாலை விட ரெண்டு மடங்குக்கு மேல கொழுப்பு இருக்கு. நாளுக்கு ஒரு சில தடவை குடிச்சே குட்டி வளரணும்னா கெட்டியா இருந்துதானே ஆவணும். (பயலுவ பசும்பால் குடுத்து வளக்கப் போறோம்னு சொன்னது எதுல போயி முடியும்னு நீயே யோசி.) அவ்வளவு பால் சுரக்கணும்னா தள்ளை தளிரா, சத்தா, நெறைய திங்கணும். தளிர் எங்க கெடைக்கும்? வெயில் விழுற வெட்டவெளியிலயும் காட்டோரத்துலயும். அங்கதான் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இதைப் பாக்குறதுக்கும் வசதி. தலை குனிஞ்சு மேஞ்சா சுத்துமுத்தும் தெரியாது, தலை தூக்கிப் பாத்துகிட்டே நின்னா வாய்க்கு ஒண்ணும் போவாது. அசை போடுற ஜாதிங்கிறதால கொஞ்சம் சமாளிக்கும், வெளியில வந்து அவசரமா பறிச்சு விழுங்கிட்டு மறைவுக்குள்ள போயி நிதானமா அசை போடும். ஆனா அந்த மறைவும் முழுசா நம்பக் கூடியது இல்ல பாத்துக்கோ, குட்டியை ஒளிச்சு வைக்கிற அதே புதர்லதான் சிறுத்தையும் பதுங்கும். நெறைய தின்னா உயிருக்கு ஆபத்து, ஆபத்தைத் தவிர்த்து ஒதுங்குனா பால் வத்தும், பால் வத்துனா குட்டி மெலிஞ்சு கால் தளந்து எதுலயாவது சாவும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் நஷ்டம். தெனமும், ஒவ்வொரு மணி நேரமும், இந்தக் கணக்கை அது ஒத்தையில போடுது மக்கா. மிளா புள்ளிமான் மாதிரி கூட்டமா நிக்கிறது கொறவு, காவலுக்கு வேற ஆள் கெடையாது.

சரி, உன் மேல்தட்டுக்கு ஏன் வந்துது? நம்ம கன்னியாகுமரி ஜில்லா சரணாலயம் மட்டும் 402 சதுர கிலோமீட்டர் கெடக்கு, அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை, இந்தப் பக்கம் நெய்யாறு. அவ்வளவு காட்டையும் விட்டுட்டு லைன் வீட்டுக்கு கூப்பிடு தூரத்துல, நாலு மணிக்கு ஆள் ஹெட்லைட்டோட நடக்குற எடத்துல வந்து பெறுதுன்னா? சாயாக்கடையில ஒருத்தரு காட்டுல தீனி இல்லங்காரு, இன்னொருத்தரு அது மனுஷனோட எணங்கிட்டுங்காரு. எனக்கு அது ரெண்டும் பத்தல.

எல்லோஸ்டோன் பக்கத்துல மூஸ்னு ஒரு பெரிய மான் ஜாதி உண்டு. ஜோயல் பெர்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2007ல எழுதுனாரு, அங்க கரடி பெருகப் பெருக, சினை மூஸ் வருஷத்துக்கு வருஷம் தார் ரோட்டுக்குப் பக்கத்துல வந்து குட்டி போட ஆரம்பிச்சிருக்கு. கரடி ரோட்டுக்கு வராது, அது மானுக்குத் தெரியும். மனுஷனைக் கேடயமா வச்சிருக்கு லே! சுப்பீரியர் ஏரியில ஐல் ராயல்னு ஒரு தீவு, அங்க ஓநாய் உண்டு, குட்டியுள்ள மூஸ் தள்ளைக பக்கத்துல உள்ள குட்டித் தீவுகளுக்குப் போயி இருந்துக்குமாம், அங்க தீனி மோசம், இருந்தாலும் ஓநாய்க்கு தூரம். கனடாவுல கேரிபூ மான் குட்டி போட மலை உச்சிக்கு ஏறுது, அங்க பச்சை துளிர்க்கக்கூட இல்லாத நேரத்துல, கீழ பள்ளத்தாக்குல பசும்புல்லு கெடக்கும்போதே. இதெல்லாம் வயிறு காஞ்சாலும் பரவால்ல, குட்டி பொழைக்கணும்னு எடுக்குற முடிவு.

நம்ம மிளாவும் அப்படித்தான் வந்திருக்கணும்னு நான் நம்புறேன். நம்ம சத்தத்துக்கு செந்நாய் கூட்டம் லைன் பக்கம் எறங்குறது அபூர்வம். மேல்தட்டுல நீ நாலஞ்சு வருஷமா கை வைக்காததால மறைவும் இருக்கு, ஓடைத் தண்ணியும் இருக்கு, காட்டு வேலி தாண்டுனா தீனி, பால் குடுக்குற நேரத்துல உப்பும் வேணும், அடுப்புச் சாம்பலும் கழுவுற தண்ணியும் ஓடுற எடம் நம்ம லைனுக்குப் பொறவுல. கீழ உன் எளம் ரப்பர் கன்னுல ஒண்ணு ரெண்டு பட்டையை கடிச்சிருக்கு, அதையும் மறைக்காம சொல்லிருதேன், நீ அதுக்குக் கோவப்படாதே, கன்னுக்கு நான் பொறுப்பு.

இன்னொரு சங்கதியும் உண்டு, இது என்னைத் தூங்க விடல. கனடாவுல 2014ல சூசன் லிங்கிள்னு ஒருத்தவிய கூட ஒருத்தரு சேந்து எழுதுனது, மான் தள்ளைகளுக்கு ஸ்பீக்கர்ல வேற வேற உயிர்களுக்க குட்டி அழுற சத்தத்தைப் போட்டுக் காட்டிருக்காவ, பூனைக்குட்டி, கடல்நாய்க்குட்டி, மனுஷக் கொழந்தை எல்லாம். சுருதி மான்குட்டிக்க அழுகைக்குக் கிட்ட இருந்தா போதும், தள்ளை ஓடி வந்துருதாம், தன் குட்டியைத் தேடுற மாதிரி ஸ்பீக்கர் கிட்ட. எதிரி பக்கத்துல இருக்குமேன்னு பாக்காம. லைன்ல அக்காவுக்க மகளுக்கு கைக்கொழந்தை இருக்கு, ராத்திரி அது அழும்போதெல்லாம் நான் எந்திச்சு சன்னல்ல நின்னு மேல்தட்டையே பாக்குறேன். மிளாவுக்கும் அப்படி இருக்குமா என்னவோ, ஆனா அந்த நெனப்பு வந்த பொறவு கொழந்தைக்க அழுகையை முன்ன மாதிரி கேக்க முடியல.

இப்ப பயத்துக்கு வாறேன். இந்த தள்ளை போட்ட கணக்குல ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு. ஒண்ணு நாய். சிறுத்தையும் செந்நாயும் மனுஷனுக்குப் பயந்து ஒதுங்கும், நம்ம ஊர் நாய் மனுஷன் கூடயேதான் வரும். லைன்ல கெட்டாம திரியுறது ஒரு பட்டாளம், அதுல மூணு உங்க சித்தப்பா சோறு போட்டு வளக்குறது. ரெண்டாவது அந்த மெஷின். அசையாம கெடக்குறது சிறுத்தைக்கு எதிரா லச்சக்கணக்கான வருஷமா பலிச்ச வித்தை, பிரஷ் கட்டருக்கு எதிரா அதே வித்தைதான் சாவு. ஜெர்மனியில புல் அறுக்குற காலத்துல ரோ மான் குட்டிக அப்படித்தான் மெஷின்ல மாட்டுது, சத்தம் கிட்ட வர வர இன்னும் நல்லா ஒட்டிப் படுக்கும், ஓடாது. அங்க விவசாயிகள் இப்ப விடியக்காலத்துல சூட்டைப் பாக்குற கேமராவை டிரோன்ல கெட்டி வயலுக்கு மேல பறக்கவிட்டு, குட்டியை எடுத்து மாத்திட்டு பொறவுதான் அறுக்குறாவ. நமக்கு டிரோன் ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச காலம் பொறுத்தா போதும்.

உனக்கு லீவு ஓணத்துக்குன்னுதானே சொன்ன? அதுக்குள்ள குட்டி தள்ளை கூட நடக்க ஆரம்பிச்சிரும். நீ வந்து நின்னு வெட்டிக்கோ, நானே கூட நிக்கேன். எல்லையைத்தானே அளக்க வரணும், சர்வேக்காரருக்கு கீழத் தட்டும் ரோட்டு ஓரமும் தெளிஞ்சா போதும், மேல கல்லுக்கெட்டுல இருந்து ஓடை வரைக்கும் தொடாண்டாம். மெஷின் ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா அந்த ரூபாயை கீழத் தட்டுல கழிச்சுக்கலாம்னு அவரு கிட்ட பேசிட்டேன், அவருக்கு சம்மதம், நீ சொன்னா போதும்னாரு. மிளா 2008லேருந்து உலக அளவுல அழிவாபத்துப் பட்டியல்ல உள்ளது, நம்ம தலைமுறையில நம்ம மலையில இது நிக்கணும்னு உனக்கும் ஆசை உண்டுன்னு எனக்குத் தெரியும், மாறாமலை ஏறுன அன்னைக்கு நீ பேசுனது எனக்கு மறக்கல.

மத்தபடி நியூஸ்னா, மண்ணெண்ணெய் மாமாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப பேப்பர் வாசிச்சு ஊரையே கலக்குறாரு. நம்ம பழைய பள்ளிக்கூட மைதானத்துல பந்து விளையாட ஆளே இல்ல. அயினிச்சக்கை இந்த வருஷம் கொறவு. உனக்குன்னு அம்மை வச்சிருந்த மாங்காய் ஊறுகாயை பாதி நான் தின்னாச்சு, மீதியை யாராவது வாறவிய கிட்ட குடுத்தனுப்புறேன்.

சனிக்கெழமை ராத்திரிக்குள்ள உங்க சித்தப்பாவுக்கு நீயே கூப்பிட்டுப் பேசு, நான் சொன்னா "நீ யாருடே"ம்பாரு, நீ சொன்னா கேப்பாரு. ரெண்டு காரியம் சொன்னா போதும்: மேல்தட்டுல மெஷின் எறங்கக் கூடாது, அந்த மூணு நாயையும் ராத்திரி கெட்டிப் போடணும். சங்கிலி இல்லன்னு சொல்லுவாரு, தடிக்காரன்கோணத்துல நான் வாங்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்க சொல்லு. பேசுனதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு லே, பூ வேண்டாம், பேசிட்டேன்னு மட்டும் எழுது.

உன்,
கடைசி பெஞ்சு