காலையில், வெறும் வயிற்றில்

கண்ணு,

நேற்றும் போன் செய்தேன், முந்தாநாளும் செய்தேன். நீ வேலையில் இருந்திருப்பாய். சியாட்டில் நம் பாஸ்டனைவிட மூன்று மணி நேரம் பின்னால் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையுமா வேலை என்று உன் அப்பாதான் கேட்டார், நான் கேட்கவில்லை. எழுதினால் படிப்பாய் என்று எழுதுகிறேன். உன் பாட்டியும் அப்படித்தான், மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள், ஆனால் கடிதம் வந்தால் மூன்று தரம் படிப்பாள்.

முதலில் முக்கியமான விஷயம். நீ ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், இரண்டையும் கேள், உடம்பில் இரும்பு எவ்வளவு என்று காட்டுகிறவை. ஒன்று போதும் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதே. காலையில் போ, வெறும் வயிற்றில் போ.

எனக்கு உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறதாம். ஹீமோகுரோமட்டோசிஸ் என்று பெயர், உச்சரிக்கப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. போன அக்டோபரிலேயே தெரியும். ஃபெரிட்டின் 1,000-க்கு மேல் போயிருந்தது. பயப்படாதே, வாரத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் ரத்தம் எடுத்துவிடுகிறார்கள், வைத்தியமே அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைதோறும் நான் பிங்கோ ஆடப் போகிறேன் என்று கீழ்வீட்டில் உன் பெரியம்மா போன ஞாயிறு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட ஜெயிக்காமல் வருகிறாளே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இது நம் ஐரிஷ் ஆட்களின் நோய். அயர்லாந்தில் 83 பேரில் ஒருவருக்கு இந்த ஜீன் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் சேர்ந்து வருகிறது, ஐந்து பேரில் ஒருவர் ஒற்றையாகவாவது சுமக்கிறார். எனக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் உனக்கு ஒன்று நிச்சயம். இன்னொன்று உன் அப்பாவைப் பொறுத்தது. அவர் வீட்டாரோ கெர்ரிக்காரர்கள், நாமோ கால்வே, இரண்டுக்கும் நடுவில் நீ. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு பேஸ்பால் பார்க்கப் போய்விடுகிறார்.

பெண்களுக்கு மாதாமாதம் ரத்தம் போவதால் சின்ன வயதில் இது வெளியே தெரியாதாம், அது நின்ற பிறகுதான் குவிய ஆரம்பிக்குமாம். எனக்கு முப்பத்து மூன்றுதானே, இன்னும் காலம் இருக்கிறது என்று இருந்துவிடாதே. சில காரணங்களால் அதற்கு முன்பே ஈரல் கெட்டுப்போகும் என்றார் டாக்டர். அந்தக் காரணங்களை அப்புறம் சொல்கிறேன்.

அவர் என் கையை வாங்கிச் சுட்டுவிரலின் அடிக்கணுவையும் நடுவிரலின் அடிக்கணுவையும் அழுத்தினார், நான் கத்திவிட்டேன். இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் வலிக்குமாம். எனக்கு உடனே பாட்டியின் கைதான் நினைவுக்கு வந்தது. சோடா ரொட்டிக்கு மாவைக் கூட்டும்போது அந்த இரண்டு விரலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் திரட்டுவாளே, இங்கிலாந்து ராணி வந்துவிட்டாள் என்று நாம் எல்லோரும் சிரிப்போமே. நீ பண்ணிக் காட்டுவாய், அவளும் சேர்ந்து சிரிப்பாள். வலிக்கிறது என்று எண்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. அவள் அக்காவுக்கு, உன் பெரிய பாட்டிக்கு, ஜனவரி மாதத்தில்கூட வெயிலில் காய்ந்து வந்த மாதிரி ஒரு நிறம். காஸில் தீவுக் கடற்கரையில் அவளுக்கு மட்டும் தனிச் சூரியன் என்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஈரல் கெட்டுப் போனாள். குடி என்று எல்லோருக்கும் தெரியும், இதயம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது யோசித்தால் அந்த நிறமும் இரும்பாகத்தான் இருந்திருக்க வேண்டும், ரெண்டும் சேர்ந்தால் யாரால் தாங்க முடியும்.

கறுப்பு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் அதிகம் ஒட்டாதாம். நம் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க டீ குடித்தே உயிரோடு இருந்திருக்கிறார்கள்போல. ஆனால் நாம் பாலை ஊற்றிக் குடிக்கிறோம், அது கணக்கில் சேருமா என்று கேட்க மறந்துவிட்டேன். நீ வைட்டமின் சி மாத்திரை போடுகிறாயா? போடாதே. பச்சைச் சிப்பி சாப்பிடாதே, அதில் இருக்கிற கிருமி நம் மாதிரி ரத்தக்காரர்களுக்கு ஆபத்தாம். பரிசோதனை முடிகிற வரைக்குமாவது இதையெல்லாம் பார்த்துக்கொள்.

இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்ச்சாரியில் கடைசியாக இருந்த பழைய மூன்றடுக்கு வீட்டையும் பிரித்துப் பிரித்து விற்றுவிட்டார்கள், இப்போது அங்கே இருப்பவர்களுக்கு நாய் பெயர் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. நம் வீட்டில் மட்டும்தான் இன்னும் ஒரு மாடியில் வெங்காயம் தாளித்தால் மூன்று மாடியிலும் கண் எரிகிறது. மேல்வீட்டுச் சித்திக்கு முழங்கால் வலி, உன் பெரியம்மாவுக்கு அந்தக் கார் விஷயத்தில் இன்னும் கோபம் தீரவில்லை. பாட்டியின் அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். ஒழிப்பது என்றால் நான் எடுத்து வெளியே வைக்கிறேன், உன் பெரியம்மா திரும்ப உள்ளே வைக்கிறாள்.

தகரப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, கேட்பாய் என்று தெரியும். கொள்ளுப்பாட்டியின் டெலிபோன் யூனியன் அட்டை அப்படியே இருக்கிறது, ஓரம் மட்டும் நைந்துவிட்டது. 1919 ஏப்ரலில் யூனியன் தலைவி ஜூலியா ஓ'கானர் பின்னால் எட்டாயிரம் ஆபரேட்டர் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்களே, அதில் இவள் இருபது வயதுப் பெண். ஆறே நாள், வாஷிங்டனில் அஞ்சல் துறையையும் அப்போது அதன் கீழ் இருந்த டெலிபோனையும் பிடித்து ஆட்டி வைத்துக்கொண்டிருந்த மனிதரே இறங்கி வர வேண்டியதாயிற்று. அதே வருஷம் செப்டம்பரில் அவள் அண்ணன் போலீஸ்காரர்களோடு வேலைநிறுத்தம் செய்தார், ஆயிரத்து நூறு பேருக்கு மேல், ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் என்ன பேச்சு எடுத்தாலும் "நாங்கள் ஆறு நாளில் ஜெயித்தோம்" என்று இவள் ஒரு வரி சொல்வாளாம், அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். உன் வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்காக நீ எழுந்து பேசினாய் என்று உன் தோழி சொன்னாள், நீ சொல்லவில்லை. நான் கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் பார், வெளியில் வாயாடிகள், வீட்டுக்குள் ஊமைகள். எள்ளுப்பாட்டியைப் பேக் பே என்ற பணக்காரப் பகுதியில் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் பிரிட்ஜெட், பிரிட்ஜெட் என்றே கூப்பிட்டார்களாம், அவர்களுக்கு ஐரிஷ் வேலைக்காரி என்றாலே பிரிட்ஜெட்தான். ஒன்பது வருஷம் அது என் பெயர் இல்லை என்று சொல்லாமலே இருந்தாள். கால்வேயிலிருந்து கிளம்பும் முன்னால் அவளைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடிய துக்கம் காத்தார்களாம், அமெரிக்கா போகிறவள் திரும்ப மாட்டாள், செத்த மாதிரிதான் என்று. நீ சியாட்டிலுக்குக் கிளம்பிய ராத்திரி நாங்கள் பீட்சா வாங்கினோம். 1974 பற்றி நீ கேட்டாயே, கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைக்கக் கோர்ட் உத்தரவு போட்டு, பள்ளிப் பேருந்துகளில் வந்த கறுப்பினப் பிள்ளைகள் மேல் கல் விழுந்ததே, அந்த உத்தரவை எதிர்த்து நம் தெருப் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஊர்வலம் போனார்களே, பாட்டியும் போனாளா என்று. அவள் எழுந்து போய் அடுப்பில் கெட்டிலை வைத்தாள். போனாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன், பன்னிரண்டு வயது, ஜெபமாலையோடு சேர்த்து வேறு வார்த்தைகளையும் கத்தினேன். அன்றைக்கே உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். நான் போய் டீயை வடிகட்டினேன்.

பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. திரு இருதயப் படம் போட்ட சின்னக் குத்தூசி. எள்ளுப்பாட்டியின் தங்கையுடையது, டப்ளினில் 1898-ல் ஆரம்பித்த அந்த மதுவிலக்குச் சபையின் சின்னம், ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் குத்திக்கொள்வது. அவள் சாகிற வரைக்கும் குத்தியிருந்தாளாம். நம் வீட்டில் யாரும் இப்படி இருந்ததில்லை என்று அன்றைக்கு உன் பெரியம்மா சமையலறையில் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும். இருந்திருக்கிறாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தியதாகக் கேள்விப்பட்டதில்லை.

உன் கோட்டை மாட்டியது நான்தான். பாட்டியைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்கள் கோட்டெல்லாம் கட்டிலில் மலையாகக் குவிந்திருந்தது, உன்னுடையது மட்டும் கசங்க வேண்டாமே என்று தனியாக எடுத்து ஹேங்கரில் போட்டேன். பையிலிருந்து அந்த வெண்கலக் காசு கீழே விழுந்தது. ஒரு பக்கம் முக்கோணம், அதற்குள் ரோமானிய எழுத்தில் ஒன்று. அது என்ன என்று எனக்குத் தெரியும், குடியை விட்டவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று கொடுப்பது, உன் மாமாவிடம் ஒன்பது இருக்கிறது. ஒரு வருஷம். ஒரு வருஷமாக நீ தனியாக இதைச் செய்திருக்கிறாய், எனக்குச் சொல்லவில்லை, எதற்குச் சொல்லவில்லை என்று முதலில் கோபம்தான் வந்தது. திரும்ப அதே பையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

நீ ஜிஞ்சர் ஏலோடு, வெறும் இஞ்சிச் சோடாவோடு, ஜன்னல் பக்கம் நின்றிருந்தாய். உன் பெரியம்மா பார்த்தாள், சித்தி பார்த்தாள், வெளியூர் போனதும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று ஒருத்தி சொல்ல, விசேஷம் ஏதாவதோ என்று இன்னொருத்தி சிரித்தாள். நான் விஸ்கியை ஊற்றி எடுத்து வந்து உன் கையில் திணித்தேன். பாட்டிக்காக ஒரு வாய் என்றேன். தெரியாமல் செய்தேன் என்றுதான் ஐந்து வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். தெரிந்துதான் செய்தேன். அவர்கள் பேச்சு நிற்க வேண்டும் என்று செய்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அக்டோபரிலேயே டாக்டர் எனக்கும் சொல்லிவிட்டார், இரும்பும் சாராயமும் சேர்ந்தால் ஈரல் போய்விடும், ஒரு சொட்டு கூடாது என்று. மேலே அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அந்தக் கூடத்தில் குடிக்கக் கூடாதவர்கள் நாம் இரண்டு பேர். ஒருத்தி ஜிஞ்சர் ஏலோடு நின்றாள். இன்னொருத்தி, ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக மூன்று கிளாஸ் குடித்தாள், அதோடு விடாமல் தன் பெண்ணுக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் நீ விடியும் முன் கிளம்பிவிட்டாய். பின்பக்கத் தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவர் மேல் அந்தக் கிளாஸ் இருந்தது, விளிம்பு உடைந்ததே, அதுதான். காலியாக இருந்தது. அன்று ராத்திரி அந்தத் தாழ்வாரத்துக்குச் சிகரெட் பிடிக்க நாற்பது பேர் வந்து போனார்கள், உன் மாமா மகன் யார் கிளாஸையும் விட்டுவைக்க மாட்டான். அதனால் நான் எதுவும் நினைக்கவில்லை. கேட்கவும் இல்லை. நீ சொல்ல வேண்டியதும் இல்லை. எது நடந்திருந்தாலும் அது என் கையால் நடந்தது, அதை மட்டும் நீ உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

போன ஞாயிறு சாப்பாட்டில் உன் பெரியம்மா எனக்கு ஊற்ற வந்தாள், வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். சொன்னேன், செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் கையை மேஜை மேல் வைத்துச் சுட்டுவிரல் கணுவைத் தானே அழுத்திப் பார்த்தாள். உன்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது உன் விஷயம்.

அந்தக் குத்தூசியை இதோடு வைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், தபாலில் தொலைந்துபோகும். டீ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள். ரொட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன், திராட்சை போட்டது, சீமைச் சோம்பு போடவில்லை.

சனிக்கிழமை உன் நேரத்துக்குப் பத்து மணிக்குப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னாலும் போதும். இரண்டையும் கேள், வெறும் வயிற்றில் போ.

அம்மா