சாலமன் தீவுகளின் போர்க்காலச் சுற்றுலா

ஆசிரியர் அவர்களுக்கு,

பசிபிக் தீவுகளுக்குப் போகும் சொகுசுக் கப்பல் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஆகஸ்டில் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் அமெரிக்கப் படை இறங்கியது, கடலடியில் கிடக்கும் கப்பல்கள் என்று அமெரிக்கா, ஜப்பான் கதையாகவே எழுதிவிட்டு அந்த மண்ணின் மக்களை அப்படியே விட்டுவிட்டீர்களே?

1943இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் போர்ப் படகை ஜப்பானியக் கப்பல் மோதிப் பிளந்தபோது, எஞ்சியவர்களைக் கண்டுபிடித்தது பியூகு காசா, எரோனி குமானா என்ற இரண்டு தீவு இளைஞர்கள்தான். கென்னடி தேங்காய் ஓட்டில் கீறிக் கொடுத்த செய்தியை எடுத்துக்கொண்டு, எதிரிகள் நடமாடும் கடலில் சிறு தோணியில் துடுப்புப் போட்டுப் போனார்கள், பிடிபட்டால் உயிர் போயிருக்கும். அந்த ஓடு பின்னால் வெள்ளை மாளிகை மேசையில் இருந்தது.

போர் அங்கே இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 2021 மே மாதம் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில், வீட்டுக் கொல்லையில் சமையலுக்கு மூட்டிய தீயின் அடியில் புதைந்திருந்த பழைய குண்டு வெடித்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். குண்டுகளைப் போட்ட நாடுகள்தான் அவற்றை முழுசாக எடுத்துத் தரவேண்டும், அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. பக்கத்து நாடான பாப்புவா நியூ கினியில் ரபவுல் பக்கம் போகும் பயணிகள் பிட்டா பாக்கா போர்க் கல்லறையையும் பார்க்கட்டும். மலாயாவிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானியரிடம் பிடிபட்டுக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்திய வீரர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரமாவது எழுதுங்கள்.

வாசகர், திருநெல்வேலி