காமாலைய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பச்சக்குழந்தைங்களுக்கு மூளை பாதிப்பு ஏன் வருதுன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். பிரசவத்துல ஆக்சிஜன் கிடைக்காம போறது, பொறந்து அழாத குழந்தைக்கு முதல் நிமிஷத்துலயே மூச்சு குடுக்கணும்ங்கறது, தேவைப்பட்டா 6 மணி நேரத்துக்குள்ள உடம்ப குளிர வைக்க ஆரம்பிச்சு 72 மணி நேரம் அப்படியே வைக்கறதுன்னு எல்லாமே தெளிவா இருந்துச்சு. ஆனா மஞ்சள் காமாலை பத்தி ஒரு வரி கூட இல்லயேன்னு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

எங்க அக்கா பையன் பொறக்கும்போது ஒரு குறையும் இல்ல, நல்லா அழுதான், ரெண்டாம் நாளே டிஸ்சார்ஜ். நாலாம் நாள் பாலுக்கு கூட எந்திரிக்காம தூங்கிக்கிட்டே இருந்தான், நாங்க எல்லாரும் தொல்ல குடுக்காத புள்ளன்னு சந்தோஷப்பட்டோம், லேசா மஞ்சளா இருக்கேன்னு கேட்டதுக்கு வெயில்ல காட்டுங்க சரியாயிடும்னு சொன்னாங்க, நாங்களும் காட்டுனோம். உடம்ப வில்லு மாதிரி பின்னாடி வளைச்சு கீச்சுன்னு அழ ஆரம்பிச்சப்ப தான் ஓடுனோம். ரத்தத்துல ஏறி மஞ்சள் நிறத்த குடுக்கற பிலிருபின்ங்கற பொருள் மூளைக்குள்ள போயிடுச்சுன்னாங்க. இன்னிக்கு அவனுக்கு காது கேக்காது, கழுத்து நேரா நிக்காது.

பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு காமாலை வரும், பெரும்பாலும் தானா போயிடும், அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா முதல் 24 மணி நேரத்துல மஞ்சள் தெரிஞ்சா அது சாதாரணமே இல்ல. மத்தபடி 3லேருந்து 5 நாளுக்குள்ள தான் உச்சத்துக்கு போகும், அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. குறைமாசக் குழந்தை, பால் சரியா குடிக்காத குழந்தை, அம்மா ரத்தம் நெகட்டிவ் குரூப்பா இருந்து குழந்தை பாசிட்டிவா இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். அந்த அம்மாவுக்கு பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போட்டுடணும், பாசிட்டிவ் ரத்தத்த எதிர்க்கற பொருள் அம்மா உடம்புல உருவாகாம தடுத்து அது அடுத்த குழந்தைய காப்பாத்தும்.

கலர பாத்து பிலிருபின் அளவு சொல்ல முடியாது, கருப்பா இருக்கற குழந்தைக்கு தோல்ல சரியா தெரியாது, கண்ணு வெள்ளையும் ஈறும் தான் பாக்கணும், அப்பவும் டெஸ்ட் எடுத்தா தான் நிச்சயம். அளவு ஏறியிருந்தா நீல வெளிச்சத்துல வைப்பாங்க, அந்த வெளிச்சம் பிலிருபின உடம்பு வெளியேத்தற மாதிரி மாத்திடும், ரொம்ப ஏறிடுச்சுன்னா ரத்தத்தையே மாத்துவாங்க. ஜன்னல் வெயில் இதுக்கு ஈடே இல்ல.

டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு நாள்ல மறுபடி கொண்டு போய் காட்டணும், பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தா ராத்திரின்னாலும் காத்திருக்கக் கூடாது. இத பெரிய எழுத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு சித்தி