பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். வெல்ல வாய்ப்பில்லாதவருக்கு வாக்களித்தால் அந்த வாக்கு வீண் என்று ஒவ்வொரு தேர்தலிலும் உங்கள் மேடைகளில் பேசுகிறார்கள். ஆனால், வாக்கு எண்ணிக்கை முடிந்ததும், எந்தெந்தத் தொகுதிகளில் மூன்றாம் இடத்தவர் பெற்ற வாக்குகள் உங்கள் தோல்வியின் வித்தியாசத்தைவிட அதிகம் என்று முதலில் கணக்குப் பார்ப்பவர்களும் நீங்களே.

1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ, மக்கள் வாக்குகளில் ஏறத்தாழ 19 சதவீதம் பெற்றும் ஒரு மாநிலத்தில்கூட வெல்லவில்லை. ஆயினும் அவர் ஓயாமல் பேசிய நிதிப் பற்றாக்குறையைக் குறைக்க 1993இல், அத்தேர்தலில் வென்ற ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் அரசு சட்டம் கொண்டுவந்தது. 1994இல் குடியரசுக் கட்சி சமநிலை வரவுசெலவுத் திட்டத்துக்கான அரசியல் சட்டத் திருத்தத்தையே தன் தேர்தல் வாக்குறுதியாக்கியது. இதற்கு பெரோ ஒருவரே காரணம் என்று வாதிட மாட்டேன். எனினும், அவருக்கு விழுந்த வாக்குகள் எந்தக் கோரிக்கைக்கானவை என்பது இரு கட்சிகளுக்கும் ஐயமின்றித் தெரிந்திருந்தது.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,000க்கு மேற்பட்ட வாக்குகள் பெற, குடியரசுக் கட்சியின் புஷ் வெறும் 537 வாக்கு வித்தியாசத்தில் அம்மாநிலத்தையும் அதன்வழி அதிபர் பதவியையும் வென்றார். தோற்ற ஜனநாயகக் கட்சியில் பலர் நேடரின் கோரிக்கைகளைப் படிப்பதைவிட அவர்மீது பழி சுமத்துவதிலேயே முனைந்தார்கள். நேடரின் வாக்காளர்கள் கொடுத்த விலை பெரிது. பெற்ற பலன் சொற்பம். ஆகவே, தோற்பவருக்கு விழும் வாக்கு கொள்கையை மாற்றுமா என்பது வாக்காளர் கையில் மட்டும் இல்லை, அதை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

வாக்குப் பிரிவதுதான் உங்கள் உண்மையான கவலை என்றால் அதற்கு வழி உண்டு. 1918இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் இடைத்தேர்தலில் தொழிற்கட்சிக்கு எதிரான வாக்குகள் சிதற, அக்கட்சி ஏறத்தாழ 34 சதவீதத்திலேயே வென்றது. அன்றைய ஆளுங்கட்சி வாக்காளரைக் கடிந்துகொண்டு நிற்காமல், அதே ஆண்டில் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைச் சட்டமாக்கியது. இதில் வாக்காளர் வேட்பாளர்களை முதல், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துவார்; முதல் விருப்பத்தவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் அந்த வாக்கு அடுத்த விருப்பத்தவருக்குப் போகும். தன்னலம் கருதித்தான் செய்தார்கள்; இருந்தாலும் செய்தார்கள்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த அறிக்கையில் விருப்ப வரிசை வாக்குமுறை குறித்த உங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாக எழுதுங்கள். மூன்றாம், நான்காம் இடத்தவரின் வாக்காளர்கள் எதைக் கேட்டார்கள் என்பதையும், அவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்பதையும் தேர்தல் முடிந்த ஆறு மாதங்களுக்குள் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இருமுறை தோற்பவருக்கு வாக்களித்த ஒரு வாக்காளர்