'ரூமர்ஸ்' இசைத்தட்டு ஏன் மூன்று விலையில் இருக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஃபிளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தை நம் கடையில் மூன்று விலையில் வைத்திருக்கிறோம். பழைய தட்டு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), புதிதாக அச்சிட்டது 52 வெள்ளி, இரண்டு தட்டுகளாக வரும் பதிப்பு 90 வெள்ளிக்கு மேல். "எல்லாம் அதே பாட்டுதானே, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று தேக்கா பக்கம் வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். 2020-இல் ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே இந்த ஆல்பத்தின் 'ட்ரீம்ஸ்' பாட்டுக்கு வாயசைத்த காணொளி பரவி, 43 ஆண்டு கழித்து இந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்துக்குள் மறுபடி நுழைந்தது. அதிலிருந்து இளையர்கள் பலரும் முதல் தட்டாக இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறோம்.

இது கிடைப்பதற்கரிய தட்டு இல்லை. 1977 பிப்ரவரியில் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் மொத்தம் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வாங்கியது. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். பழசு என்ற ஒரே காரணத்துக்காக யாராவது நூற்றுக்கணக்கில் விலை சொன்னால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நீங்கள் பணம் கொடுப்பது ஒலிக்கு. அந்த ஒலிக்காகக் குழுவினர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பதிவு தொடங்கியபோது குழுவில் இருந்த தம்பதி ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணமுறிவில் இருந்தார்கள். குழுவில் காதலர்களாக இருந்த லிண்ட்சி பக்கிங்ஹமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துவிட்டார்கள். டிரம் வாசித்த மிக் ஃபிளீட்வுட் வீட்டிலும் அதே கதை. தன்னைப் பற்றி முன்னாள் துணை எழுதிய பாட்டுக்கு, பக்கத்தில் நின்று தானே பின்குரல் கொடுக்க வேண்டிய நிலை. லிண்ட்சி எழுதிய 'கோ யுவர் ஓன் வே' பாட்டில் ஸ்டீவியின் குரலைக் கவனித்துக் கேளுங்கள், புரியும்.

அப்புறம் இன்னொரு சோதனை. குரல், கிட்டார் என்று மேலே மேலே சேர்ப்பதற்காக ஒரே ஒலிநாடாவை மாதக்கணக்கில் ஓட்டியதில், அதன் மேல்பூச்சே தேய்ந்து டிரம் ஒலி மங்கிவிட்டது. நல்லவேளையாக, அடிப்படைப் பதிவை முதலிலேயே இன்னொரு நாடாவிலும் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு காதில் பழைய நாடா, மறு காதில் புதிய நாடா என்று கேட்டபடி, இயந்திரத்தின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து, பின்னால் சேர்த்ததை எல்லாம் அதற்கு மாற்றினார்கள். அந்தப் பொறுமைக்குப் பலன் ஒவ்வொரு டிரம் அடியிலும் கேட்கிறது. எங்களுக்கு இந்த ஆல்பத்தின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான்.

சரி, விலைக்கு வருவோம். பழைய அமெரிக்கத் தட்டில் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 'கே', 'பி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் கீறியிருந்தால் அது கென் பெர்ரி என்ற ஒலிப் பொறியாளர் அச்சுக்கான மூலத் தட்டை வெட்டிய பதிப்பு. எங்கள் காதுக்கு அதில் பேஸ் (அடித்தொனி) நன்றாக இறங்கிக் கேட்கும், அதனால் விலையும் சற்றுக் கூடும். 90 வெள்ளிப் பதிப்பு மூல நாடாவிலிருந்து நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும்படி வெட்டியது. பாட்டுகளை நான்கு பக்கங்களில் பரப்பியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இடம் தாராளம். நல்ல ஊசி உள்ளவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்வோம். முதன்முதலாக வாங்குபவர்களுக்கு 52 வெள்ளித் தட்டே போதும்.

பழைய தட்டு வாங்கினால், எந்தக் கடையிலும் சரி, முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'சாங்பேர்ட்'-ஐ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெர்க்லியில் ஆளில்லாத ஓர் அரங்கில் கிறிஸ்டின் பியானோ வாசித்துப் பாடியது அது. தட்டின் உள்வட்டத்தில், ஊசிக்கு மிகவும் சிரமமான இடத்தில் வருகிறது. தேய்ந்த ஊசியால் யாராவது அந்தத் தட்டை ஓட்டியிருந்தால், பியானோ ஓங்கும் இடத்தில் கரகரவென்று இழுக்கும். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் இது மறையாது. நாங்கள் வாங்கும்போது இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் விலை பேசுகிறோம்.

நம்மூர் ஈரக்காற்றில் காகித உறை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். உள்ளுறையை மாற்றி, தட்டை நிமிர்த்தி வையுங்கள். நம்மிடம் வாங்கும் பழைய தட்டுகளைக் கழுவி, புது உள்ளுறையில் போட்டுத்தான் தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

வாரயிறுதியில் கூட்டமாக இருப்பதால் முழுப் பக்கமும் போட்டுக் காட்ட முடிவதில்லை. வேலை நாட்களில் மதியத்துக்கு மேல் வாருங்கள். மூன்று பதிப்புகளையும் அடுத்தடுத்துப் போடுகிறோம், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்